மிச்ச நாலு வினாடி

அன்றைக்குச் சீனி ஒரு வாய் உள்ளே போயிருந்தால் இத்தனை கூத்தும் நடந்திருக்காது. பெண்ணின் வாப்பா தாவூது சீனித் தட்டோடு நிற்கிறார். கரண்டியில் சீனி அள்ளியாயிற்று. எதிரே மாப்பிள்ளையின் தாய்மாமா நெய்னா முகம்மது வாயைத் திறந்தபடி பாயில் உட்கார்ந்திருக்கிறார். மாப்பிள்ளை 'சம்மதம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சம்மந்தி வாயில் சீனியைப் போட்டு, துஆ ஓதி, நிச்சயத்தை முடித்துவிட்டு வட்டலாப்பம் சாப்பிடப் போய்விடலாம். மாப்பிள்ளை அலி அஸ்கர் இருப்பதோ சவுதியில், தம்மாமில். ஹாலில் ஸ்டூல் மேல் வைத்த லேப்டாப்பில் அவன் முகம் பெரிதாகத் தெரிந்தது.

பள்ளிவாசல் அசரத்து தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "தம்பி, தாவூது மவ தஸ்மியாவைக் கட்டிக்கிட ஒங்களுக்குச் சம்மதமா?"

அஸ்கர் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் தலைக்கு மேல் ஃபேன் அதுபாட்டுக்குச் சுற்றியது. ஹாலில் யாரோ இருமினார்கள். நெய்னா மாமாவின் வாய் பைய மூடியது. கரண்டியிலிருந்து சீனி பாய் மேல் சிந்தியது. அதற்குப் பிறகுதான் "சம்மதம்" என்று சத்தம் வந்தது.

உள்ளறைத் திரைக்குப் பின்னால் பெண்களோடு உட்கார்ந்திருந்த தஸ்மியாவுக்கு அந்த இடைவெளி எவ்வளவு என்று தெரியும். ஆறு வினாடி. வேண்டுமென்று கணக்கிடவில்லை, பழக்கதோஷம். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டு மாடியறையிலிருந்தே வேலை பார்ப்பவள் அவள். எங்கோ ஒரு பேங்க் கிளையில் நெட் திணறினால், எந்த இடத்தில் திணறுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் வேலை. இப்போது தன் சொந்த விஷயமே திணறுகிறது, கை கட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

அஸ்கரை அவளுக்குப் பிடித்திருந்தது. வந்த மாப்பிள்ளை போட்டோக்களில் எல்லாரும் யாருடைய காரிலோ சாய்ந்துகொண்டு நின்றார்கள். இவன் ஒரு பெரிய ஃப்ரீசர் பெட்டி பக்கத்தில் ஸ்பேனரும் கையுமாக, எதற்குப் போட்டோ எடுக்கிறார்கள் என்றே புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் உம்மாவிடம் சரி என்று தலையாட்டினாள். அவனுக்கும் தன்னைப் பிடித்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தவளுக்கு ஆறு வினாடியில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

"பையன் யோசிச்சாம்ளா," என்றாள் உம்மா நஸீமா, எல்லார் காதிலும் விழும்படி ரகசியமாக.

பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் உம்மா ஜனாபா மாமிக்குச் சுருக்கென்றது. "எம்மவன் எதுக்கு யோசிக்கான்? ஒங்க வீட்டு நெட்டு அப்படி. பேசினா நாளைக்குத்தான் போய்ச் சேருது."

"நெட்டு போயிருந்தா காத்தாடியும்லா நின்னிருக்கும்? காத்தாடி சுத்துச்சு, ஒங்க பிள்ளைதான் நின்னுட்டாவ."

ஃபேன் சுற்றுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தஸ்மியாவுக்குத் தெரியும். பேச்சு தாமதமாக வந்தால் படமும் அதே தாமதத்தோடுதான் வரும். ஃபேனும் தாமதமாகச் சுற்றும், யார் கண்டார்கள்? வாய் திறக்கப் போனாள். நஸீமா தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். நிச்சயத்தன்று பொண்ணு பேசினால், கல்யாணத்துக்கு அலைகிறாள் என்று பேட்டை ஊர் முழுக்கச் சொல்வார்களாம்.

திரைக்கு அந்தப் பக்கம் விஷயம் இன்னும் முற்றிவிட்டது. நெய்னா மாமா பேட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து நடத்தியவர். இப்போது அது ஜெராக்ஸ் கடையாகச் சுருங்கிவிட்டாலும் அந்தக் கெத்து போகவில்லை. லேப்டாப்பில் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, தம்மாமில் உள்ள ஒரு சர்வரின் எண்ணைத் தட்டி, எண்டரை ஓங்கி ஓர் அடி அடித்தார். கடகடவென்று வரிகள் ஓடின.

"இங்கன பாருங்க சம்மந்தி. ஆயிரத்துத் தொள்ளாயிரம் மில்லி செகண்டு. போயிட்டுத் திரும்பி வர ரெண்டு வினாடி. பையன் மேல ஒரு குத்தமும் இல்ல."

தாவூது சீனித் தட்டைக் கீழே வைத்தார். பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தராசு ரிப்பேர் பட்டறை வைத்திருப்பவர். நெல்லையில் பாதிக் கடைத் தராசுகள் அவர் கைபட்டு, சர்க்கார் முத்திரை வாங்கிப் போனவை. எண்ணைக் கண்டால் அவருக்கு முதலில் வருவது சந்தேகம். தன் செல்போனை எடுத்து, மகள் எப்போதோ ஏற்றிக் கொடுத்த ஆப்பைத் தட்டினார். பச்சை வட்டம் சுற்றி நின்றது. இருபத்திரண்டு. கீழே 'அருமை' என்று வேறு போட்டிருந்தது.

"எங்க வீட்டு நெட்டு இருபத்திரண்டுதான் காட்டுது. ஒம்ம மெஷினு ஆயிரத்துத் தொள்ளாயிரம் காட்டுது. ஒரு கிலோ கருப்பட்டியை எண்பத்தாறு கிலோன்னு காட்டுத தராசை நான் இந்த வயசு வரைக்கும் பாத்ததில்லவே."

சம்மந்தி என்று கூப்பிட வேண்டியவர் 'வே'க்கு இறங்கிவிட்டார். அசரத்து அதைக் கவனித்துவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு மறுபடி கூடுவோம் என்று சொல்லி எல்லாரையும் கிளப்பினார். சீனி திரும்பவும் டப்பாவுக்குள் போயிற்று. நஸீமா பாயில் சிந்தியதை மட்டும் எறும்புக்குப் பயந்து கூட்டினாள்.

அந்த ஒரு வாரம் தஸ்மியா பட்ட பாட்டைக் கேளுங்கள். இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக, கல்யாணச் சேலை நிறம் பேசுவதற்கென்று ஒரு வாட்ஸாப் குழு இருந்தது. அதில் காலையில் நெய்னா மாமா கறுப்புத் திரையைப் படம் பிடித்துப் போடுவார். உடனே தாவூது பச்சை வட்டத்தைப் போடுவார். அதற்கு ஜனாபா மாமி அழுகிற பொம்மையைப் போடுவாள். நஸீமா நிச்சயத்தன்று தன் போனில் எடுத்த வீடியோவைத் தங்கச்சிக்கு, கொழுந்தியாளுக்கு, முட்டை கொண்டுவரும் தங்கத்தாய்க்கு என்று ஆள் மாற்றி ஆள் மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் எந்நேரமும் "ஒங்களுக்குச் சம்மதமா" என்று அசரத்தின் குரல் கேட்டது. ஒவ்வொரு தடவையும் அதே ஆறு வினாடி. ஒரு தடவையாவது ஐந்தாகக் குறையாதா என்று தஸ்மியா மாடியில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டாள்.

கேபிள்காரர் சங்கிலிபூதத்தானையும் தாவூது வரவழைத்துவிட்டார். பேட்டையில் பாதி வீடுகளுக்கு அவர்தான் நெட் இழுத்திருக்கிறார். எந்த வீட்டில் எந்தப் புகார் வந்தாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருக்கும். இங்கேயும் வந்தார், இடுப்பிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு கருவியை எடுத்தார், ஃபைபர் வயரைப் பிடுங்கி அதில் சொருகினார்.

"லைட்டு அருமையா வருது பாய். மைனஸ் பத்தொம்பது."

"மைனஸா?" தாவூதுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மைனஸ்ல காட்டுத தராசை நான் பட்டறைக்குள்ளயே விடமாட்டேன் பூதத்தான். இதுக்கு முத்திரை இருக்கா?"

"முத்திரையா? இது லைட்டு எவ்வளவு வருதுன்னு பாக்கதுக்கு பாய். மைனஸ் பத்தொம்பதுன்னா நல்லது."

"அப்போ பிளஸ் பத்தொம்பதுன்னா?"

"அது ரொம்ப மோசம்."

தாவூது ரொம்ப நேரம் அவரையே பார்த்தார். அவர் போனபிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்து மோடத்தைக் கழற்றினார். உள்ளே எங்கேயாவது முள்ளைச் சரி செய்கிற திருகு இருக்கும், கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினால் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு. மாடியில் தஸ்மியா அப்போது மதுரையிலுள்ள ஒரு பேங்க் மேனேஜரிடம், "சார், உங்க லைன்லதான் பிரச்சனை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி வாக்கியத்தில் அவள் லைனே போய்விட்டது.

கீழே இறங்கி வந்தவள் மோடத்தின் வயிறு திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, தானே உட்கார்ந்து அதைத் திரும்பப் பூட்டி மாட்டினாள். அழலாமா சிரிக்கலாமா என்றுதான் தெரியவில்லை. "வாப்பா, என்கிட்ட விடுங்க, நான் பாக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளைப் பிடித்து நிறுத்தியது உம்மாவின் கிள்ளு மட்டுமில்லை. நன்றாகப் பார்த்த பிறகு, நெட் சரியாகத்தான் இருந்தது, அவன்தான் யோசித்தான் என்று வந்துவிட்டால்? பேங்க் லைனில் வருகிற கோளாறை யார் தலையிலாவது கட்டிவிட்டுப் போகலாம். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வெள்ளிக்கிழமையும் வந்தது. அசர் முடிந்ததும் அதே ஹால், அதே பாய், அதே ஸ்டூல். லேப்டாப்பில் அதே அஸ்கர், இந்தத் தடவை இஸ்திரி போட்ட சட்டையோடு. போன வாரம் வந்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். போன வாரம் வராதவர்களும் சண்டை நடக்கிறது என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். சங்கிலிபூதத்தானுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தது.

நெய்னா மாமா எண்டரை அடித்தார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது."

தாவூது வட்டத்தைத் தட்டினார். "இருபத்தொண்ணு. போன வாரத்தை விட ஒண்ணு கொறைஞ்சிருக்கு."

"ஒம்ம போனு பொய் சொல்லுதுவே."

"பொய் சொல்லுத சாமானை நான் கையில தொடமாட்டேன். ஒம்ம டப்பாதான் ஜெராக்ஸ் மிஷின் பக்கத்துல கெடந்து கெட்டுப்போச்சு."

"எங்க பிள்ளை யோசிச்சான்னே வச்சுக்கிடுவோம், இப்படிப்பட்ட மாமனாருன்னா எவன்தான் யோசிக்க மாட்டான்?"

உள்ளறையில் ஜனாபா மாமி எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த புர்காவை எடுத்துத் தலைவழியே போட ஆரம்பித்தாள். அது பாதி இறங்கிக் கழுத்தில் சிக்கிக்கொண்டது. உள்ளேயிருந்தே, "வாங்க போலாம்" என்று சத்தம் கொடுத்தாள். இந்தப் பெண்மணி வாசலைத் தாண்டினால் கதை முடிந்தது என்று தஸ்மியாவுக்குப் புரிந்துவிட்டது. நஸீமாவின் கை தொடையைத் தேடி வருவதற்குள் எழுந்துகொண்டாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரையை விலக்கி ஹாலுக்கு வந்தாள்.

"வாப்பா, ஒங்க போனைத் தாங்க."

அவ்வளவு ஆண்கள் நடுவில் மகள் வந்து நின்றதும் தாவூது அசரத்தை ஒரு பார்வை பார்த்தார். போனைக் கொடுத்தார். அவள் வாங்கிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு அந்த ஒரு வாரக் கோபமும் மொத்தமாக மூக்குக்கு வந்துவிட்டது.

"இது வைஃபையிலயே இல்லியே. நீங்க சிம் கார்டு நெட்டைலா அளந்துக்கிட்டு இருக்கீங்க. வைஃபையை ஏன் ஆஃப் பண்ணி வச்சிருக்கீங்க?"

தாவூது தலையைச் சொறிந்தார். "நீ மேல ஆபீஸ் வேலை பாக்கியே. நானும் சேந்து இழுத்தா ஒனக்குக் கொறைஞ்சு போயிராதா? அதான் நான் அதுல சேரவே மாட்டேன்."

அதற்கு மேல் அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. வீட்டில் வைஃபை போட்டு மூன்று வருஷம் ஆகிறது, மனுஷன் ஒரு நாள் கூட அதைத் தொடவில்லை.

"சரி. அது போக, இந்த ஆப்பு பக்கத்துல எந்த சர்வர் இருக்குன்னு பாத்து அங்க போய்ட்டு வரும். மதுரை வரைக்கும் போயிருக்கும். மாமா தம்மாம் வரைக்கும் போயிட்டு வாராங்க. நீங்க ஒரு தராசுல கோழியை நிறுக்கீங்க, மாமா இன்னொரு தராசுல மாட்டை நிறுக்காங்க. எடை ஏன் ஒத்துப்போகலன்னு ஒரு வாரமா ரெண்டு பேரும் சண்டை போடுதீங்க."

தாவூதின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்போ ரெண்டு தராசுலயும் ஒரே கல்லை வைக்கணும்."

"அதத்தான் சொல்லுதேன்."

"மாடுன்னாலும் இவ்வளவு எடை வராதேம்மா," என்றார் நெய்னா மாமா. பாவம், அவருக்கே இப்போது தன் கறுப்புத் திரைமேல் சந்தேகம் வந்துவிட்டது. "என் கடையில இருந்து தட்டினா தம்மாமுக்கு நூத்தைம்பதுதான் காட்டுது. இங்கன வந்தா மட்டும் ரெண்டாயிரத்துக்கு ஏறுது."

தஸ்மியா ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். அங்கேதான் அவளுக்குப் பிடிபட்டது. இத்தனை பேர் இருக்கிற ஹாலில் ஒருவர் கையும் சும்மா இல்லை. எல்லாருடைய போனும் நெஞ்சுக்கு நேராக நிமிர்ந்து நின்றது. ஒவ்வொரு போனுக்குள்ளும் ஒரு முகம். பேட்டையில் எந்த வீட்டை எடுத்தாலும் ஒருவராவது வளைகுடாவில் இருப்பார்கள். நல்லது கெட்டதுக்கு வரமுடியாதவர்களை இப்படிக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவதுதான் வழக்கம். ரியாத்தில் இருக்கிற மாமன், ஷார்ஜாவில் இருக்கிற மகள், குவைத் மருமகன், கத்தார் மச்சினன் என்று அங்கே அரை வளைகுடாவே உட்கார்ந்திருந்தது. எல்லாரும் தாவூது வீட்டு வைஃபையில்தான். போன வாரமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"உம்மா, நம்ம சஹன் தட்டை எடுத்துட்டு வாங்க."

ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டு அது. நஸீமா கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"எல்லாரும் ஒருத்தர் ஒருத்தரா போனை ஆஃப் பண்ணி இதுல போடுங்க. மாமா, நீங்க எண்ணைப் பாத்துச் சொல்லுங்க."

முதலில் யாருக்கும் மனசு வரவில்லை. பிறகு ஒருவர் போட்டார். ஆஃப் பண்ணச் சொன்னாள், யார் கேட்டார்கள்? அழைப்பைத் துண்டித்தால் ரியாத் மாமன் கோபித்துக்கொள்வார் என்று அப்படியே மல்லாக்க வைத்தார். தட்டுக்குள்ளிருந்து, "ஏலே, என்னலே ஒண்ணும் தெரியல, முகடுதான் தெரியுது" என்று ரியாத் கத்தியது. "ஆரோ ஒரு ஆளு மூக்கு தெரியுது" என்றது ஷார்ஜா. தஸ்மியா ஒவ்வொன்றாகச் சிவப்புப் பொத்தானை அமுக்கிக்கொண்டே வந்தாள். நெய்னா மாமா மீன் ஏலம் விடுகிற மாதிரி வாசித்தார்.

"ஆயிரத்து எழுநூறு. ஆயிரத்து முந்நூறு. தொள்ளாயிரம். ஜனாபா, நீ ரெண்டு போனு வச்சிருக்க, எனக்குத் தெரியும். ஆங், எழுநூறு."

எழுநூறில் வந்து நின்றுவிட்டது. தட்டு நிரம்பிவிட்டது, யார் கையிலும் ஒன்றுமில்லை. எண் இறங்க மாட்டேன் என்கிறது. தஸ்மியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். கடைசியில் அசரத்து ஜிப்பா பையில் கையை விட்டு, ஒரு போனை எடுத்து, யாரையும் பார்க்காமல் தட்டில் வைத்தார்.

"நான் துஆ ஓதுததைப் பாக்கணும்னு ஜித்தாவுல மருமவன் ஆசைப்பட்டாவ," என்றார்.

எண் நூற்றைம்பதில் போய் உட்கார்ந்தது. தஸ்மியா வாப்பாவின் போனை அவர் வாழ்க்கையில் முதல் முறையாக வைஃபையில் சேர்த்து, அதே தம்மாம் சர்வரைத் தட்டினாள். நூற்றைம்பத்தைந்து.

"அஞ்சு கூடுதே," என்றார் தாவூது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "பரவாயில்ல. இந்த வித்தியாசத்துக்குத் தாராளமா முத்திரை குடுக்கலாம். சம்மந்தி, ஒங்க மெஷினு சுத்தம்."

"ஒங்க போனும் குத்தமில்ல சம்மந்தி," என்றார் நெய்னா மாமா.

சொன்னதோடு விட்டார்களா? நிரூபித்துப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து நின்றார்கள். போன்கள் தட்டில் இருக்கும்போது அசரத்து, "சம்மதமா தம்பி?" என்று கேட்டார். கேட்ட வாய் மூடுவதற்குள் "சம்மதம்" என்று வந்தது. எல்லாரும் போனை எடுத்து வளைகுடாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மறுபடி கேட்டார். இந்தத் தடவை சம்மதம் இழுத்துக்கொண்டு வந்தது. தாவூது கைதட்டினார். பாதிப் போனை வைத்துக் கேட்டார்கள். ஜன்னலைத் திறந்து கேட்டார்கள். ஜன்னலுக்கும் இதற்கும் என்ன என்று தஸ்மியா கேட்டாள், யாரும் காதில் வாங்கவில்லை. நிக்காஹ் இல்லையே, நிச்சயம்தானே, எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அசரத்தும் விட்டுவிட்டார். சங்கிலிபூதத்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, "தம்பி, எனக்காக ஒருக்க" என்றார். தொண்டை கட்டிப்போயிருந்த அஸ்கர், "சம்மதம்ணே" என்றான்.

"லைட்டு நல்லாத்தான் வருதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா," என்றார் சங்கிலிபூதத்தான்.

அப்புறம் என்ன, சீனி டப்பா வெளியே வந்தது. நெய்னா மாமா வாயைத் திறந்தார், தாவூது ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாகப் போட்டார். ஜனாபா மாமி புர்காவிலிருந்து தலையை வெளியே எடுத்துக்கொண்டு நஸீமாவைக் கட்டிப்பிடித்தாள். நெட்டுதான் காரணம், பையன் தங்கம் என்று நஸீமாவே சொன்னாள். எல்லாரும் வட்டலாப்பமும் தேத்தண்ணியும் சாப்பிட மொட்டைமாடிக்கு ஏறினார்கள்.

தஸ்மியா ஏறவில்லை. எல்லாரும் ஒரு கணக்கை மறந்துவிட்டார்கள், அவளால் மறக்க முடியவில்லை. நெட் எவ்வளவு திணறினாலும் இரண்டு வினாடிதான். நெய்னா மாமாவின் எண்ணே அதைத்தான் சொல்கிறது, அவர் முதல் நாள் வாய்விட்டும் சொன்னார். அசரத்து அன்று கேட்டதற்கும் பதில் வந்ததற்கும் நடுவே போனது ஆறு. மிச்சம் நாலு வினாடி யார் தலையில்?

விட்டுவிடலாம். ஊரே சந்தோஷமாக இருக்கிறது. ஆபீஸில் எத்தனையோ பேர், லைன் வந்துவிட்டதா, ஆளை விடு என்று புகாரை மூடிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். அவளுக்குத்தான் அது ஒத்துவராது. மூடிய புகார் திரும்ப வரும், வரும்போது பெரிதாக வரும். இதுவோ ஆயுசுக்கும் கூடவே வருகிற லைன். பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டே ஸ்டூல் முன்னால் பாயில் உட்கார்ந்தாள்.

லேப்டாப்பை யாரும் மூடவில்லை. அஸ்கரும் போகவில்லை. பெரியவர்கள் வைக்கச் சொல்லாமல் எப்படி வைப்பது என்று காலியான ஹாலைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலும் கையுமாக உட்கார்ந்திருந்தான். திடீரென்று அவள் முகம் வந்ததும் தண்ணீர் புரையேறிற்று.

"இருமி முடிங்க," என்றாள். முடித்தான்.

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். போன வாரம் நெட்டுக்கு ரெண்டு வினாடிதான் ஆச்சு. நீங்க ஆறு வினாடி கழிச்சுச் சொன்னீங்க. மிச்ச நாலு வினாடி என்ன பண்ணுனீங்க?"

அவன் பாட்டில் மூடியைத் திருகினான். திறந்தான். மறுபடி திருகினான். நெட்மேல் போட்டிருக்கலாம், அவனுக்கு இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது. ஊரே அதற்கு முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது.

"அது என்னோடதுதான்," என்றான். "யோசிச்சேன்."

தஸ்மியா கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"ஒங்களைப் பத்தி இல்ல. எங்க வாப்பா இருபது வருசம் இங்கதான் இருந்தாங்க. ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வருவாங்க. ஒரு தடவை வந்தப்ப நான் கதவைத் திறந்து, 'உம்மா, ஆரோ வந்திருக்காங்க'ன்னு சொன்னேன். அசரத்து சம்மதமான்னு கேட்டப்ப அது ஞாபகத்துக்கு வந்துட்டு. நானும் ஒங்களை அங்கன உக்கார வச்சிட்டு இங்கன வந்துருவேனே, எம்பிள்ளையும் என்னை ஆருன்னு கேக்குமேன்னு நெனச்சேன். ஆனாலும் ஒங்களை விட மனசு வரல. சம்மதம்னு சொல்லிட்டேன்."

மொட்டைமாடியில் நெய்னா மாமாவும் வாப்பாவும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

"எல்லாரும் என்கிட்டதான் கேட்டாங்க," என்றான் அவன். "இன்னைக்கு மட்டும் பத்துப் பதினஞ்சு வாட்டி கேட்டுட்டாங்க. ஒங்ககிட்ட ஆரும் கேட்ட மாதிரி தெரியல. ஒங்களுக்குச் சம்மதமா?"

தஸ்மியா அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பக்கம் அவன் திரையை ஒரு தட்டுத் தட்டினான். "லைன் போயிட்டா?"

"லைன் நல்லா இருக்கு. யோசிக்கேன்."

"யோசிங்க, யோசிங்க," என்று சொல்லிவிட்டு அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"எனக்கு வேலை வீட்டுல இருந்து பாக்குறதுதான்," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "எந்த வீடுன்னு கம்பெனிக்காரன் கேட்டதே இல்ல. கேட்டா நான் பேசிக்கிடுதேன். நீங்க இருக்கிற ரூம்ல நெட்டு எப்படி?"

"பைய வரும். ஆறு பேர் இருக்கோம், ஆறு பேரும் ஊருக்குப் பேசுவோம்."

"ஆறு பேர் இருக்கிற ரூமுக்கு நான் எப்படி வர முடியும்? வேற வீடு பாருங்க. நெட்டை நான் வந்து பாத்துக்கிடுதேன்."

அஸ்கரிடமிருந்து பதிலே வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டுவிட்டான், திரையில் முடி மட்டும்தான் தெரிந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன, நெட்டா?"

"இல்லங்க," என்றான் நிமிராமலே. "போன்ல வாடகை வீடு தேடிக்கிட்டு இருக்கேன்."